முப்பத்தைந்து அடித் தண்ணீர்

ஜனவரி 18, ஞாயிறு

காலையில் நல்ல பனி. எட்டு மணி வரை தென்னைகள் தெரியவில்லை. வாசலில் பொங்கல் கோலத்தின் காவி இன்னும் போகவில்லை. நவரை நாற்றங்காலுக்குத் தண்ணீர் திருப்பினேன். மோட்டார் சத்தம் சரி. கார்த்திகையில் மாற்றிய புட்வால்வு நன்றாகப் பிடிக்கிறது.

அந்தப் புட்வால்வுதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். குழாயின் நுனியில், தண்ணீருக்குள் தொங்குகிற வால்வு. ஒழுக ஆரம்பித்தால் யாராவது மூழ்கித்தான் மாற்ற வேண்டும். ஏரிக்கு அந்தப் பக்கம் காலனியிலிருந்து ஸ்டெல்லா வந்தாள். மூழ்கினாள், மாற்றினாள். பிறகு நான் கேட்காமலே இன்னொரு தடவை போய், அடியிலிருந்து ஒரு கைப்பிடி சேறு எடுத்து வந்து படியில் வைத்தாள். "மண்ணு சேந்துட்டுக்கீது மேடம். கோடைல தூர் வாரணும்." கறுப்புச் சேறு. நடுவில் ஒரு சின்ன நத்தை ஓடு.

கல்யாணமாகி வந்து இருபத்து நான்கு வருடமாக இந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறேன். போன மே மாதம் கல்லூரி வேலையை விட்டதிலிருந்து தினமும் இதில்தான் நீந்துகிறேன். அடியைப் பார்த்ததில்லை. அவள் பார்த்திருக்கிறாள். பொறாமை. வேறு உயர்ந்த காரணம் இருக்கிறதா என்று தேடினேன், கிடைக்கவில்லை.

மூச்சடக்கி மூழ்குகிறவர்களின் இணையக் குழுவில் சேர்ந்து இரண்டு மாதம். நேற்றுத்தான் முதல் கேள்வி கேட்டேன். வயது 49. நீச்சல் தெரியும், சென்னையில் எம்.எஸ்ஸி. படித்தபோது கற்றது. கிணறு, சுமார் முப்பத்தைந்து அடித் தண்ணீர். அடியைத் தொட்டுவர எங்கிருந்து தொடங்குவது? இன்று மாலைக்குள் பதினான்கு பதில்கள்.

– செய்யாதே: 3
– இப்போதே செய்: 4
– ரப்பர் உடை என்ன கனம்?: 2
– தங்கள் படத்தை மட்டும் போட்டவர்கள்: 2
– அடிக்குப் போனதும் இரண்டு காலாலும் தரையை உதை, அம்பு மாதிரி மேலே வருவாய்: 1 (இதற்குத்தான் விருப்பக் குறிகள் அதிகம்)
– கிணறு என்றால் வாளி போகும் துளைதானே, தோள் நுழையுமா?: 1
– ஆமையார்: 1

ஆமையார் என்பது நான் வைத்த பெயர். அவர் படத்தில் ஆமை. ஆணா பெண்ணா, எந்த நாடு, ஒன்றும் தெரியாது. மற்றவர்களைவிடக் குறைவாக எழுதுகிறார், அதனால் நம்பத் தோன்றுகிறது. இது ஒரு காரணமே அல்ல என்றும் தெரியும். அவர் சொன்னது இரண்டு. ஒன்று, கயிற்றில் கனம் கட்டி முதலில் ஆழத்தை அள. இரண்டு, தனியாக ஒருபோதும் மூழ்காதே.

அவரிடம், அதாவது வீட்டுக்காரரிடம், சொன்னேன். பேப்பரிலிருந்து தலை எடுக்காமல், "நாப்பத்தொம்போது வயசுல கெணத்துல எறங்கப் போறேன்னு வெளிய சொல்லிடாத. வேற மாதிரி எடுத்துப்பாங்க." சிரித்தேன்.


ஜன. 19, திங்கள்

சிரித்திருக்கக் கூடாது.

காலை ஆறரை. பனி குறைவு. பழைய சுடிதார். பழைய தராசின் ஐந்து கிலோ எடைக்கல், நைலான் கயிறு, அடிக்கு ஒரு முடிச்சு. கிணற்றுச் சுவர் மேல் ஏறி நின்று கல்லைக் கட்டிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து யாரோ இடுப்பைக் கட்டிப் பிடித்து இழுத்தார்கள். இரண்டு பேரும் வாய்க்காலில்.

பக்கத்து நிலத்து ராஜேஸ்வரி அக்கா. அறுபது வயதுக்கு என்ன பிடி.

"வேணாம்மா! வேணாம்! எதுவா இருந்தாலும் பேசிக்கலாம்!"

"அக்கா, ஆழம் பாக்கறேன்."

"அதான் தெரிதே! கல்ல கட்டிக்கினு இன்னாத்துக்கு நிப்பாங்க? வூட்டுக்காரரு எதுனா சொல்ட்டாரா?"

"அவரு ஒண்ணும் சொல்லல. இது ஒரு விளையாட்டு."

"வெளையாட்டா?" என் முகத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். "வேலைய வுட்டதுலேர்ந்தே உன் மூஞ்சி சரியில்ல. நான் எங்க வூட்ல சொல்லிக்கினேகீறேன்."

சத்தம் கேட்டு மண்வெட்டியோடு மூன்று பேர். நான் ஈரமாக, சேறாக, அக்கா என் கையை விடாமல். மூச்சடக்கும் விளையாட்டு உலகம் முழுக்க இருக்கிறது என்று விளக்கினேன். ஒருவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "படிச்சவங்களுக்குத்தான் இது ஜாஸ்தி வருதாம்." எது என்று நான் கேட்கவில்லை.

செய்தி எட்டு மணிக்குள் டீக்கடைக்குப் போய், ஒன்பதுக்குள் காஞ்சிபுரத்தில் அவருடைய அலுவலகத்துக்குப் போய்விட்டது. போனில் "நான் சொன்னேன்ல" என்று மட்டும் சொன்னார். ராஜேஸ்வரி அக்கா இட்லி கொண்டுவந்து எதிரே உட்கார்ந்து, ஆறும் உள்ளே போகும் வரை எழுந்திருக்கவில்லை. தக்காளி சட்னி பிரமாதம்.

எடைக்கல்லும் கயிறும் கிணற்றுக்குள். ஆழம் எத்தனை முடிச்சு என்று தெரியாது.

குழுவில் எழுதினேன்: அளக்க முடியவில்லை, பக்கத்து வீட்டார் தடுத்துவிட்டார்கள். ஆமையார் பதில்: நல்ல பக்கத்து வீடு.


ஜன. 20, செவ்வாய்

வெயில். ஸ்டெல்லாவுக்குப் போன் செய்தேன். பத்து மணிக்கு வந்தாள். வயது முப்பத்தெட்டு. நாள் கூலிக்குக் களை, நடவு. நடுவில் கிணற்று வேலை, அது அவள் அப்பாவிடமிருந்து வந்தது. நேற்றைய கதை அவளுக்கும் போயிருக்கிறது. என்னைப் பார்த்த பார்வையில் தெரிந்தது.

"எடக்கல்ல எடுக்கணுமா மேடம்?"

"நான் எடுக்கணும். நீ சொல்லிக் குடு."

"இன்னாத்துக்கு?"

"ஆசை."

"ஆச," என்று திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். பிறகு கிணற்றுப் பக்கம் போகாமல் மோட்டார் கொட்டகைப் பக்கம் போனாள். "பீஸ் கட்டைய புடுங்கனீங்களா?"

"எதுக்கு?"

"ஆட்டோல கீதே இது!"

எழுதவே கூச்சமாக இருக்கிறது. இந்தப் பக்கம் மும்முனை மின்சாரம் போகும், வரும். ஒவ்வொரு தடவையும் யார் கொட்டகைக்கு ஓடுவது என்று எல்லோரும் மோட்டாரைத் தானியங்கியில் விட்டுவிடுவோம். மின்சாரம் வந்தால் தானே ஓடும். எட்டு மாதமாக, அது எந்த நிமிடமும் ஓடக்கூடிய நிலையில், குழாய் வாய்க்குப் பக்கத்தில் நீந்தியிருக்கிறேன். குழுவில் பதினான்கு பேர் பதில் எழுதினார்கள், ரப்பர் உடையின் கனம்கூடக் கேட்டார்கள். மோட்டாரைப் பற்றி ஒருவர் கேட்கவில்லை. எப்படிக் கேட்பார்கள்? நானே கேட்டுக்கொள்ளவில்லை.

மோட்டாருக்கு மின்சாரம் போகும் மூன்று பீஸ் கட்டைகளையும் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுப் பித்தானும் போட்டாள். புருஷன் சட்டை, கீழே சுடிதார் பேன்ட், அதுதான் அவள் வேலை உடுப்பு. கொட்டகைத் திண்டில் வைத்தால் போதாதா என்றேன்.

"எறங்குறவங்க மேலதான் இருக்கணும் மேடம். மேல நிக்கிறவன் கையில குட்தீங்கன்னா, ஒருத்தன் வந்து தண்ணி பாயணும்னு வாங்கிக்கினு போயி மாட்டிடுவான். அவன் கெட்டவன் இல்ல. அவனுக்குத் தெரியாது, அவ்ளோதான்."

இன்று சொன்னவை, மறக்காமல் இருக்க:

வெயில் உச்சிக்கு வந்த பிறகு இறங்கு, அப்போதுதான் உள்ளே வெளிச்சம். சுவர்ப் பொந்தில் கை வைக்காதே, தண்ணிப் பாம்பு. குழாயைப் பிடித்துக்கொண்டு தலைகீழாகப் போ. சாப்பிட்டு வராதே (ராஜேஸ்வரி அக்காவிடம் யார் சொல்வது).

அப்புறம், "கால வெக்காத. கீழ கை மட்டும். கால் வெச்சா சேறு புடிச்சிக்கும்." தரையை உதைக்கச் சொன்னவரின் விருப்பக் குறிகளை நினைத்துக்கொண்டேன்.

இன்று பத்து அடி. காது வலி. மேலே வந்து இருமினேன். அவள் சிரித்தாள், நானும்.


ஜன. 22, வியாழன்

மேகம். பன்னிரண்டுக்கு வெயில் வந்தது.

காதுக்கு வழி: "மூக்க புடிச்சிக்கினு காதால தும்மு." குழுவில் அதையே நான்கு பக்கம், படங்களோடு. உலகமே ஒத்துப்போகிற ஒரே விஷயம் இதுதான் போலிருக்கிறது.

குழாய் வாய் வரை போனேன். இருபத்திரண்டு அடி. புட்வால்வைத் தொட்டேன், வழவழவென்று பாசி. அதற்குக் கீழே பச்சை, பிறகு கறுப்பு. பயம் வந்தது. திரும்பினேன்.

மேலே வந்து மேல்படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கும்போது கொட்டகையில் பலகை மேல் பச்சை விளக்கு எரிவது கதவு வழியாகத் தெரிந்தது. மின்சாரம் வந்திருக்கிறது. பீஸ் கட்டை இருந்திருந்தால் ஸ்டார்ட்டர் 'டக்' என்றிருக்கும். ஒன்றும் நடக்கவில்லை. ஸ்டெல்லா சட்டைப் பையைத் தட்டிக் காட்டினாள்.  

கவனித்தது: தண்ணீருக்குள் இருக்கும்போது எனக்கு "வா", "போ", "எறங்கு". படி ஏறியதும் "வாங்க மேடம்", "துண்டு இந்தாங்க". அவளுக்கே தெரியவில்லை. எனக்குத் தண்ணீர்ப் பேச்சுத்தான் பிடித்திருக்கிறது. சொல்லவில்லை, சொன்னால் நின்றுபோகும்.

இன்னொன்றும் கவனித்தேன். அவள் வேலை இருந்தால்தான் இறங்குகிறாள். எனக்குச் சொல்லிக்கொடுப்பதும் வேலை. முடிந்ததும் ஏறிவிடுகிறாள், ஒரு நிமிடம் மிதப்பதுகூட இல்லை. என் மாமனார் காலத்தில் அவள் அப்பா இந்தக் கிணற்றில் தூர் வார இறங்கலாம், குளிக்க இறங்கக் கூடாது. அவள் நீச்சல் கற்றது ஏரி மதகில். இதை அவள் சொல்லவில்லை. யாரும் சொல்லாமலே எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

குழுவில் மோட்டார் விஷயம் எழுதினேன். ஆமையார்: இந்தக் கேள்வியை நான் என்றைக்கும் கேட்டிருக்க மாட்டேன். உன் ஆசிரியரை விட்டுவிடாதே.


ஜன. 24, சனி

ராஜேஸ்வரி அக்கா கிணற்றில் ஸ்டெல்லாவுக்கு வேலை, அங்கேயும் புட்வால்வு. வேடிக்கை பார்க்கப் போனேன். அக்கா எனக்கு முக்காலி போட்டார், கிணற்றிலிருந்து பத்தடி தள்ளி. இன்னும் நம்பிக்கை வரவில்லை.

ஸ்டெல்லா படியில் உட்கார்ந்து 'புஸ் புஸ்' என்று வேகமாக ஊதினாள். பன்னிரண்டு தடவை. எனக்குச் சொல்லிக்கொடுக்கையில் இப்படிச் செய்ததில்லை, அவள் நீண்ட நேரம் அடியில் இருக்க வேண்டிய வேலைக்கு மட்டும் போலிருக்கிறது. இறங்கினாள். நான் மனதுக்குள் எண்ணினேன். எண்பத்தாறில் தலை தெரிந்தது.

உதடு நீலம். கண் திறந்திருக்கிறது, எதையும் பார்க்கவில்லை. படியைப் பிடித்த கை தானாக உதறியது. ஐந்தாறு விநாடி. பிறகு பெரிய மூச்சு. என்னைப் பார்த்துக் கேட்டாள்:

"நான் வால்வ மாட்டிட்டனா?"

மறுபடி இறங்கித் தடவிப் பார்த்தாள். மாட்டியிருக்கிறாள். மேலே வந்தது நினைவில்லை. "அப்டிதான் மேடம் எப்பனா வரும். தல சொம்மா கிறுகிறுன்னு." சிரித்தாள்.

டீ குடிக்கையில் அக்காதான் ஆரம்பித்தார். "இவ அண்ணன் ஆரோக்கியம் இருந்தான் பாரு. மீனுதான். அவனையே முனி அடிச்சிப் போட்டுச்சி."

"முனியும் இல்ல, ஒண்ணியும் இல்ல," என்றாள் ஸ்டெல்லா. டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

மற்றதை அக்கா சொன்னார். பதினான்கு வருடத்துக்கு முன்பு, புள்ளலூர்ப் பக்கம் ஒரு கிணறு. தெளிந்த தண்ணீர். விழுந்துபோன ஸ்பேனர் எடுக்க இறங்கினான். மேலே தங்கை. வரவேயில்லை. எடுத்தபோது உடம்பில் ஒரு கீறல் இல்லை.


ஜன. 25, ஞாயிறு

காலையிலேயே ஆமையாருக்கு எழுதினேன். பன்னிரண்டு ஊதல், நீல உதடு, நினைவு இல்லாதது. அண்ணனைப் பற்றியும்.

முதல் தடவையாக நீளமான பதில். சுருக்கம்: வேகமாக ஊதுவதால் பிராணவாயு கூடுவதில்லை. கரியமில வாயு குறைகிறது. "மூச்சு வாங்கு" என்று உடம்பு அடிக்கிற மணி அதுதான். மணியைக் கழற்றிவிட்டு இறங்குகிறார்கள். தவிப்பே வராது, சுகமாகக்கூட இருக்கும். மேலே வரும் கடைசி அடிகளில் நினைவு போய்விடும். நல்ல நீச்சல்காரர்களுக்குத்தான் இப்படி ஆகும். அவளிடம் சொல். நாளைக்கே சொல்.

பதினேழு வருடம் வேதியியல் நடத்தியவள் நான். இரத்தத்தில் கரியமில வாயு, அமிலத்தன்மை, எல்லாம் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். பன்னிரண்டு ஊதலை முக்காலியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன்.

ஸ்டெல்லா மாதா கோயிலில். மணி இங்கே வரை கேட்டது. போன் செய்யவில்லை.

எப்படிச் சொல்வது? அவள் தொழில் அது. மோட்டாரைத் தானியங்கியில் விட்டு நீந்தியவள் போய் அவளுக்கு மூச்சுப் பாடம் எடுப்பதா? சொன்னால் அண்ணன் வருவான். சொல்லாமல் இருந்தால் அடுத்த புட்வால்வு.

மதியம் கத்தரிக்காய் சாம்பார். அவருக்குக் காரம் போதவில்லையாம். என் கவனம் உப்பிலும் இல்லை.


ஜன. 26, திங்கள்

கிராம சபை. குடவோலை கண்ட மண் என்று தலைவர் இந்த வருடமும் ஆரம்பித்தார். மைக் இரண்டு தடவை நின்றது. தெருவிளக்கு, குடிநீர்த் தொட்டி, நூறுநாள் வேலை. ஸ்டெல்லா கடைசி வரிசையில், வேப்பமரத்தடியில். முடிந்ததும் அங்கேயே போய்ச் சொன்னேன். வீட்டில் ஒத்திகை பார்த்த வாக்கியங்கள் ஒன்றும் வரவில்லை.

"ஸ்டெல்லா, இனிமே எறங்கறதுக்கு முன்ன ஊதாத."

"இன்னா?"

"அந்த புஸ் புஸ். அதனாலதான் முந்தாநாள் உனக்கு நினைவு போச்சு."

"யார் சொன்னது?"

"நெட்ல ஒருத்தர்."

"யாரு அவரு?"

"தெரியாது."

"தெரியாதவரு எங்க அப்பன் சொல்லிக் குட்தது தப்புன்னு சொல்றாரு. நீங்க அத்த வந்து எங்கிட்ட சொல்றீங்க. அந்த ஆளு எத்தினி கெணறு எறங்கிக்கீறாராம்?"

கரியமில வாயு பற்றிச் சொன்னேன். பாதியில் அவள் முகம் மாறியது. நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை, முடித்துவிட்டேன். வகுப்பு மாதிரி.

"அவனும் ஊதிட்டுதான் எறங்குனான்," என்றாள். என்னிடம் சொன்ன மாதிரியே இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.


ஜன. 28, புதன்

நேற்றும் வரவில்லை, இன்றும் வரவில்லை. போன் எடுக்கவில்லை. நல்ல வெயில். கிணற்றில் அடிப் பச்சை வரை தெரிகிறது. இறங்கவில்லை, தனியாக ஒருபோதும் என்று ஆமையார் சொல்லியிருக்கிறார். பீஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போடவும் ஆளில்லை.

செய்தவை: நாற்றங்காலுக்கு எரு. உளுந்து புடைத்தேன். அலமாரியில் கல்லூரிப் பாடக்குறிப்புகளைக் கட்டிப் பரணில் போட்டேன்.

ஆமையாருக்கு என் கிணறு தெரியாது, ஸ்டெல்லாவுக்குத் தன் மூச்சு தெரியாது என்று ஒரு வாக்கியம் தோன்றியது. எழுதியதும் பரிட்சை விடை மாதிரி இருக்கிறது. என்னைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. இரண்டு பேரையும் கேட்டுக்கொண்டு, கெட்டிக்காரி மாதிரி நடுவில் நின்றவள்.

வீட்டுக்காரர்: "அந்தப் பொண்ணு வரலியா?" "வரல." "நீ எதுனா சொன்னியா?" "சொன்னேன்." "சரியானதா?" "சரியானதுதான்னு நெனக்கறேன்." "அப்ப வரும்." இவருக்கு இவ்வளவு நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று புரியவில்லை.


ஜன. 30, வெள்ளி

பதினோரு மணிக்கு வந்தாள். கிணற்றுப் பக்கம் போகவில்லை, வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன். நாற்காலியில் உட்கார்ந்தாள். மோர் கொடுத்தேன். குடித்து முடித்துவிட்டுத்தான் ஆரம்பித்தாள்.

"நான்தான் மேல எண்ணிக்கினு இருந்தேன். அவன் எப்பவும் தொண்ணூறு வரிக்கும் போவான். அதால தொண்ணூறு வரிக்கும் சும்மா எண்ணிக்கினே இருந்தேன். அப்பாலதான் கத்துனேன்."

காலி டம்ளரைக் கையில் திருப்பினாள்.

"லேட்டா கத்துனதாலதான்னு நெனச்சிக்கினு கீறேன். பதினாலு வருசமா."

இல்லை என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. அந்தக் கிணற்றில் நான் இல்லை. எனக்குத் தெரிந்ததை மட்டும் சொன்னேன்: எந்த நம்பரில் அவள் அண்ணனுக்கு நினைவு போனது என்று மேலே நிற்கிற யாருக்கும் தெரிய வழியில்லை. சத்தம் வராது. தண்ணீர் கலங்காது. இதுதான் நடந்தது என்று உறுதியாகவும் சொல்ல முடியாது.

"தவிச்சிருப்பானா?"

"ஊதினதாலன்னா, இல்ல. மூச்சு முட்டறது தெரியறதுக்கு முன்னாடியே தூங்கிடுவாங்களாம்."

"அந்த ஆளு சொன்னாரா?"

"அவரும் சொன்னாரு. எங்க பாடத்துலயும் இருக்கு. எனக்கே தெரிஞ்சிருக்கணும்."

டம்ளரைத் தரையில் வைத்தாள். பிறகு முந்தானையால் முகத்தை ஒரே இழுப்பாகத் துடைத்தாள். "அவன் மூஞ்சி தூங்குற மாதிரிதான் இருந்திச்சி. எங்கம்மா சொல்லிக்கினே இருக்கும். நான்தான் நம்பல."

ராஜேஸ்வரி அக்கா வேலி ஓரத்திலிருந்து எட்டிப் பார்த்து, "இன்னாம்மா, ரெண்டு பேரும் அழுதுக்கினு கீறீங்க?" என்றார். அப்போதுதான் நானும் என்று தெரிந்தது.

போகும்போது, படியில் நின்று: "ஊதாம எறங்குனா அவ்ளோ நேரம் நிக்க முடியாது மேடம். வால்வு மாட்ட ரெண்டு தபா எறங்கணும்."

"ரெண்டு தடவ எறங்கு."

"வேல குடுக்கிறவன் கேப்பானே, இன்னாமே பழசா பூட்டியான்னு."

"கேக்கட்டும்."

"ஹூம். உங்களுக்கு இன்னா." கோபமில்லாமல்தான் சொன்னாள். நாளைக்கு எடைக்கல்லா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.


ஜன. 31, சனி

வானம் சுத்தம். காற்றில்லை. காலையில் வெறும் கஞ்சித் தண்ணீர்.

பீஸ் கட்டைகளை இன்று நான் பிடுங்கினேன். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரருடைய பழைய சட்டை, பை, பித்தான்.

முதல் தடவை: குழாய் வாய் வரை. பச்சையைப் பார்த்துத் திரும்பினேன்.
இரண்டாவது: அதே.
மூன்றாவதற்கு முன் ஸ்டெல்லா பக்கத்தில் நீந்தி வந்து, "அடி எங்கயும் போவல. மெதுவா வா. நான் மேல கீறேன்," என்றாள்.

குழாய் முடிந்தது. பிறகு பிடிக்க ஒன்றுமில்லை. காது ஒரு தடவை, இரண்டு தடவை. கறுப்பு என்று நினைத்தது கறுப்பில்லை, உள்ளே போனபின் பழுப்பு. குளிர் ஒரு கோடு மாதிரி முகத்தைத் தாண்டியது. கயிறு தெரிந்தது, பாம்பு மாதிரி சுருண்டு, முடிச்சு முடிச்சாக. கால்கள் தாமாகவே கீழே திரும்பப் பார்த்தன. கால வெக்காத. கையை நீட்டினேன். கை முழங்கை வரை போயிற்று, மாவில் போகிற மாதிரி, சத்தமில்லாமல். அங்கே நின்று உதைத்திருந்தால் என்று பிறகுதான் நினைத்தேன். அப்போது ஒன்றும் நினைக்கவில்லை. மனசு அவ்வளவு அமைதி. வகுப்பறையில், அடுக்களையில், எங்கேயும் இப்படி இருந்ததில்லை. கயிற்று நுனி ஒரு கையில், சேறு ஒரு கையில்.

மேலே வந்தபோது எனக்கு முன் அவள் முகம், ஒரு முழம் தூரத்தில். "பேசு. எதுனா பேசு."

"ஸ்டெல்லா," என்றேன்.

"ம். ஆளு கீற."

சேற்றைப் படியில் வைத்தேன். நத்தை ஓடு இல்லை. ஒரு துருப்பிடித்த நட்டு. எந்தக் காலத்து மோட்டாருடையதோ. கயிற்றை இறுக்கி, தண்ணீர் மட்டத்தில் விரலால் பிடித்து அடையாளம் வைத்துக்கொண்டு, இருவருமாக இழுத்து எடைக்கல்லை ஏற்றினோம். அடையாளத்துக்குக் கீழே இருந்த முடிச்சுகளை எண்ணினேன்: முப்பத்து நான்கு. இத்தனை நாளும் ஓர் அடி கூட்டிச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ராஜேஸ்வரி அக்கா வேலி ஓரத்திலேயே நின்றிருந்தார், முழு நேரமும். "ஆச தீந்துச்சா?" "தீந்துச்சு அக்கா." "அப்ப வந்து சாப்புடு."

குழுவில் படம் கேட்டார்கள். சேற்றைப் படம் எடுக்கவில்லை, கழுவிவிட்டேன். ஆமையாருக்கு மட்டும்: தொட்டேன், ஆசிரியர் ஊதுவதை விட்டுவிடப் பார்க்கிறார். பதில்: முதலாவது நல்லது, இரண்டாவது மிக நல்லது.


பிப். 1, ஞாயிறு

வெயில் இப்போதே கொஞ்சம் உறைக்கிறது. துவைத்துப் போட்டேன்.

பன்னிரண்டு மணிக்கு ஸ்டெல்லா, கோயிலிலிருந்து நேராக. தலையில் மல்லிகை. கையில் மஞ்சள் பை, அதில் புருஷன் சட்டை.

"இன்னிக்கு எதாவது வேலையா?" என்றேன்.

"வேல ஒண்ணியும் இல்ல."

கொட்டகைக்குப் போய் பீஸ் கட்டைகளைப் பிடுங்கிக் கொடுத்தேன். சட்டையை மாட்டிக்கொண்டு, வாங்கிச் சட்டைப் பையில் போட்டாள், பித்தான் போட்டாள். மல்லிகையை எடுத்துச் சுவர் மேல் வைத்தாள். இறங்கி, மல்லாந்து படுத்தாள். இரண்டு கையும் விரித்து, காது தண்ணீருக்குள், கண் மூடி. வெகுநேரம். வெயில் அவள் வயிற்றின் மேல். தென்னையிலிருந்து ஒரு பாளை உதிர்ந்து பக்கத்தில் விழுந்தது, அதற்கும் கண் திறக்கவில்லை.

பிறகு நீந்தி வந்து படியேறிக் கரையில் நின்றாள், சட்டை சொட்டச் சொட்ட. அடிவரைக்கும் ஒரு தடவை போய்வருகிறேன், சும்மா, என்றாள். சுவர் ஓரத்தில் எனக்கு இடம் காட்டினாள்.

"இங்க ஒக்காரு. எண்ணு. அறுவது ஆச்சின்னா கத்து. தொண்ணூறுக்கு வெயிட் பண்ணாத."

மெதுவாக ஒரு மூச்சு. விட்டாள். இன்னொன்று. ஊதவில்லை. நான் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். குதித்தாள்.

சத்தம் போட்டு எண்ணினேன். நாற்பத்து மூன்றில் வந்தாள்.